வாளியில் விழுந்த ஓட்டை: இரசாயனத் தாக்கங்களை வகைப்படுத்தப் பழகும் புதியவர்களுக்கு

உரும்பிராயில் என் மாமாவுக்கு ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம் இருந்தது. பத்தாம் வகுப்பு விடுமுறையில் அங்கே போய் நின்றபோது, மறுநாள் மருந்தடிக்க மயில்துத்தத்தை, அதாவது செப்பு சல்பேற்றை, கரைத்து வைக்கச் சொன்னார். பிளாஸ்ரிக் வாளியைத் தேட எனக்குப் பஞ்சி. கிணற்றடியில் கிடந்த தகர வாளியில், நாகம் (துத்தநாகம்) பூசிய பழைய இரும்பு வாளி அது, தண்ணீரை அள்ளிக் கரைத்து மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். விடியப் பார்த்தால் நீலம் வெளிறிப் போயிருந்தது. வாளியின் உட்பக்கம் முழுக்கச் செங்கபில நிறத்தில், விரலால் தொட்டால் உதிரும் தூள். "மருமோன், உந்த வாளிக்குள்ளையோ கரைச்சனி?" என்றார் மாமா. ஏசவில்லை. வாளியைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஊசிமுனை அளவு ஓட்டையால் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

அடுத்த தவணையில் "நாகம் + செப்பு சல்பேற்று → நாக சல்பேற்று + செப்பு" என்று கரும்பலகையில் எழுதினார்கள். மற்றவர்கள் அதைப் பாடமாக்கினார்கள். எனக்கு அந்தத் தேவை இருக்கவில்லை, வாளி கண்முன் நின்றது.

இப்போது நானே சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். தாக்கங்களை வகைப்படுத்தச் சொன்னால் பெரும்பாலானோர் செய்யும் பிழை ஒன்றுதான்: பெயரைத்தான் முதலில் தேடுகிறார்கள். "சேர், இது சேர்க்கையோ பிரிகையோ?" என்று கேட்கிறார்களே தவிர, என்ன உள்ளே போனது, என்ன வெளியே வந்தது என்று பார்ப்பதில்லை. இந்த வழிகாட்டி அந்தப் பழக்கத்தைத் திருப்பிப் போடுவதற்காக. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு. அவற்றுக்கு வருமுன் கொஞ்சம் முன்வேலை இருக்கிறது.

சொற்கள் பற்றி ஒரு வார்த்தை

தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் இங்கே நிறைய. அவர்கள் 'வேதிவினை' என்பதும் நம் பாடநூல் 'இரசாயனத் தாக்கம்' என்பதும் ஒன்றே. அங்கே தனிமம், சேர்மம். இங்கே மூலகம், சேர்வை. அங்கே ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம். இங்கே ஒட்சியேற்றம், தாழ்த்தல். துத்தநாகம் நமக்கு நாகம், கார்பனேட் நமக்குக் காபனேற்று. மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே இரசாயனத்தையும் தமிழில் அச்சேற்றிவிட்டார். ஆனாலும் இரு கரைகளுக்கும் பொதுவான ஒரு சொற்பட்டியல் இன்றுவரை புழக்கத்துக்கு வரவில்லை. பரீட்சையில் நம் பாடநூற் சொல்லையே எழுதுங்கள். விளங்கிக்கொள்ள எந்தச் சொல்லும் உதவும்.

சமன்பாடுகளை இங்கே சொற்களிலேயே எழுதுகிறேன். குறியீட்டில் எழுதிச் சமப்படுத்துவது உங்கள் கொப்பியில் நடக்கட்டும்.

முதற்படி: இது தாக்கம்தானா?

ஆனையிறவில் கடல்நீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் காயவிட்டு உப்பு எடுக்கிறார்கள். நீரில் இருந்த உப்புத்தான் வெளியே வருகிறது, புதிதாக ஒரு பொருளும் உருவாகவில்லை. ஆகவே அது பௌதிக மாற்றம். அதே உப்புக்காற்றில் நிற்கும் சைக்கிள் கறள் பிடிப்பது இரசாயன மாற்றம். கறள் இரும்பல்ல. காந்தம் இரும்பை இழுப்பதுபோல் அதை இழுக்காது, தட்டினால் உதிரும், நிறமும் வேறு.

புதிய பொருள் உருவானதா என்பதைக் கண்ணால் நேரடியாகக் காண முடியாது. அடையாளங்களை வைத்துத்தான் ஊகிக்கிறோம்: வாயு வருதல், தெளிந்த கரைசல் கலங்கி வீழ்படிவு (கரையாத திண்மம்) அடைதல், நிறம் மாறுதல், சூடாதல் அல்லது குளிர்தல், புது மணம் எழுதல். இவை அடையாளங்கள் மட்டுமே, சாட்சி ஆகா. தண்ணீரைச் சூடாக்கத் தொடங்கியதும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டும் சிறு குமிழிகள் நீரில் கரைந்திருந்த வளி. அது தாக்கம் அல்ல.

இந்த இடத்தில் பிள்ளைகள் விழுகிற குழி ஒன்று உண்டு. "திரும்பப் பழைய நிலைக்கு வந்தால் பௌதிக மாற்றம், வராவிட்டால் இரசாயன மாற்றம்" என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மயில்துத்தத்தின் நீலப் பளிங்கைச் சோதனைக்குழாயில் இட்டுச் சூடாக்கிப் பாருங்கள். நீராவி வெளியேறி வெள்ளைத் தூளாகும். ஆறியபின் ஒரு துளி தண்ணீர் விட்டால் மீண்டும் நீலம், குழாயும் சுடும். திரும்பி வந்துவிட்டது, ஆனாலும் இது இரசாயன மாற்றமே. பளிங்கிலுள்ள நீர் செப்போடு பிணைந்திருந்த நீர். மீளும் தன்மையை அளவுகோலாக வைக்காதீர்கள்.

இரண்டாம்படி: இரு பக்கத்தையும் முழுமையாக எழுதுங்கள்

கேள்வியில் "மகனீசியம் நாடாவை எரித்தல்" என்று மட்டும்தான் இருக்கும். எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும், அதை எழுத மறந்தால் ஒரு தாக்கிதான் இருப்பதாகத் தோன்றும். பிறகு "ஒன்றிலிருந்து ஒன்று" என்று குழம்பவேண்டியதுதான். வளியும் நீரும் பெரும்பாலும் சொல்லாமல் உள்ளே வரும். வாயுக்கள் சொல்லாமல் வெளியே போகும். வெப்பம், ஒளி, மின், ஊக்கி ஆகியவை தாக்கிகள் அல்ல. அம்புக்குறிக்கு மேலே எழுதுங்கள், எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

மூன்றாம்படி, முதற்கேள்வி: எத்தனை உள்ளே, எத்தனை வெளியே?

பாடநூலின் நான்கு வகைகளும் இந்த எண்ணிக்கையில் அடங்கிவிடும். பல பொருள் போய் ஒரு பொருள் வந்தால் சேர்க்கை. ஒன்று போய்ப் பல வந்தால் பிரிகை. ஒரு மூலகமும் ஒரு சேர்வையும் போய், இன்னொரு மூலகமும் இன்னொரு சேர்வையும் வந்தால் ஒற்றை இடப்பெயர்ச்சி. இரண்டு சேர்வைகள் போய், துணை மாறிய இரண்டு சேர்வைகள் வந்தால் இரட்டை இடப்பெயர்ச்சி.

இதைப் பழகுவதற்கு யாழ்ப்பாணத்தைவிட நல்ல இடம் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். காரணம் நம் காலடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல். குடாநாடு முழுவதும் அந்தக் கல்லின் மேல்தான் நிற்கிறது. இரசாயனத்தின்படி அது கல்சியம் காபனேற்று. இந்த ஒரே கல்லைப் பின்தொடர்ந்து போனால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டையும் கரைத்துக்கொண்டு போகிறது. அது கல்லைத் தொட்டதும்:

கல்சியம் காபனேற்று + நீர் + காபனீரொட்சைட்டு → கல்சியம் இருகாபனேற்று

மூன்று உள்ளே, ஒன்று வெளியே. ஆகவே சேர்க்கை. விளைபொருள் நீரில் கரையும், அதனால் கல் கொஞ்சம் கொஞ்சமாக அரிபட்டுப் பொந்துகளும் குகைகளும் உண்டாகின்றன. நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்து இடிந்த இடம்தான். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் கிணற்றுத் தண்ணீர் கிடைப்பதற்கும், அந்தத் தண்ணீர் சவர்க்காரத்தில் நுரைக்க மறுப்பதற்கும் காரணம் ஒன்றே.

அந்தத் தண்ணீரைக் கேத்தலில் ஊற்றிக் கொதிக்க வையுங்கள்:

கல்சியம் இருகாபனேற்று → கல்சியம் காபனேற்று + நீர் + காபனீரொட்சைட்டு

ஒன்று உள்ளே, மூன்று வெளியே. பிரிகை. முந்தைய சமன்பாட்டைத் தலைகீழாகப் பிடித்ததுதான் இது. கேத்தலின் அடியில் கோதுபோலப் படியும் வெள்ளைப் படிவு, நிலத்தின் கீழே கரைந்த அதே கல். வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினர்கள் கேத்தலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு "இதென்ன அழுக்கு?" என்று முகஞ்சுழிப்பார்கள். அழுக்கில்லை, ஊர்.

இனிச் சூளை. கல்லையோ சிப்பியையோ அடுக்கி எரித்தால், ஏறத்தாழ 900 பாகை செல்சியசில்:

கல்சியம் காபனேற்று → கல்சியம் ஒட்சைட்டு + காபனீரொட்சைட்டு

இதுவும் பிரிகை. 100 கிலோ தூய கல்லை முழுக்கச் சுட்டால் 56 கிலோ நீறாத சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ வாயுவாகப் போய்விடும். சூளையிலிருந்து எடுக்கும் கல் கையில் பாரமில்லாமல் இருப்பது அதனால்தான். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் சீமெந்தாகியதும் இந்தக் கல்தான். அங்கும் முதல் வேலை கல்லிலிருந்து காபனீரொட்சைட்டை விரட்டுவதே.

நீறாத சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தால் என்ன நடக்கும் என்பதைப் பழைய ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றும்போது அம்மம்மா பிள்ளைகளைக் கிட்ட வர விடமாட்டார். முதலில் ஒன்றும் நடக்காது. கல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சும்மா கிடக்கும். அப்புறம் "உஸ்" என்று ஒரு சத்தம், ஆவி, கல் வெடித்துப் பிளந்து மா போல் மலரும். சட்டி பிடிக்க முடியாத சூடு.

கல்சியம் ஒட்சைட்டு + நீர் → கல்சியம் ஐதரொட்சைட்டு

இரண்டு உள்ளே, ஒன்று வெளியே. சேர்க்கை. வெப்பம் வெளியே வருவதால் புறவெப்பத் தாக்கம் என்ற பட்டமும் சேரும். கவனியுங்கள், இது ஐந்தாவது வகை அல்ல. சேர்க்கை என்பது பொருட்களின் எண்ணிக்கை பற்றியது, புறவெப்பம் என்பது சக்தி பற்றியது. ஒருவரை "அண்ணன்" என்றும் "மெக்கானிக்" என்றும் சொல்வதுபோல, ஒரே தாக்கத்துக்கு இரண்டு பெயரும் பொருந்தும். வினாத்தாளில் இதைக் குழப்பிப் புள்ளி இழக்கிறவர்கள் ஏராளம்.

கடைசியாக வெள்ளையடித்தல். பொங்கலுக்குச் சுவரில் பூசிய சுண்ணாம்பு காய்ந்தபின் கையில் ஒட்டாமல் இறுகுகிறதே, அது நீர் உலர்வதால் மட்டும் வருவதில்லை:

கல்சியம் ஐதரொட்சைட்டு + காபனீரொட்சைட்டு → கல்சியம் காபனேற்று + நீர்

வளியிலிருந்த காபனீரொட்சைட்டைப் பிடித்துச் சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிவிட்டது. இது எந்த வகை? இரண்டு சேர்வைகள் உள்ளே, இரண்டு வெளியே. உடனே இரட்டை இடப்பெயர்ச்சி என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் துணை மாறியது யார்? காபனீரொட்சைட்டில் மாற்றிக்கொள்ள அயன் (மின்னேற்றமுள்ள துணிக்கை) எதுவும் இல்லை. இது அமில இயல்புள்ள ஒட்சைட்டு ஒன்று மூலத்தோடு தாக்கம் புரிவது, நடுநிலையாக்கலின் உறவு. எண்ணிக்கை மட்டும் பார்த்தால் தவறும் இடம் இது. நான்கு பெட்டிகளும் பழகுவதற்காகப் போட்டவை. இயற்கை அவற்றைக் கேட்டு நடப்பதில்லை.

ஒற்றை இடப்பெயர்ச்சி: யார் யாரைத் தள்ளுவார்?

என் வாளிக்குத் திரும்புவோம். நாகம் செப்பைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளிவிட்டுத் தான் கரைந்தது. பூச்சுத் தீர்ந்த இடத்தில் இரும்பும் அதையே செய்தது. ஓட்டை அப்படித்தான் விழுந்தது. ஆனால் செப்புப் பாத்திரத்தில் நாக சல்பேற்றுக் கரைசலை ஊற்றி வைத்தால் ஒரு வருடம் போனாலும் ஒன்றும் நடக்காது. தள்ளுவதற்கு வலு வேண்டும். அந்த வலுவின் வரிசைதான் தாக்கவீதத் தொடர்: பொட்டாசியம், சோடியம், கல்சியம், மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு, வெள்ளீயம், ஈயம், ஐதரசன், செப்பு, இரசம், வெள்ளி, பொன். மேலே நிற்பது கீழே நிற்பதைத் தள்ளும், கீழுள்ளது மேலுள்ளதை அசைக்காது. ஐதரசன் உலோகம் அல்லாவிட்டாலும் எல்லைக்கல்லாக நடுவில் நிற்கிறது. அதற்கு மேலே உள்ளவை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஐதரசனை வெளியேற்றும். பொட்டாசியத்தையும் சோடியத்தையும் மட்டும் அமிலத்தில் போட்டுப் பார்க்க நினைக்காதீர்கள், வெடிக்கும்.

சோடியத்தை நீரில் இடும் தாக்கம் பலரைக் குழப்பும். இரண்டு பொருள் உள்ளே, ஐதரொட்சைட்டும் ஐதரசனும் வெளியே. நீரை "ஐதரசன், ஐதரொட்சைல்" என்று இரண்டாகப் பிரித்து வாசியுங்கள். சோடியம் ஓர் ஐதரசனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது. ஒற்றை இடப்பெயர்ச்சி என்பது தெளிவாகிவிடும். அலசன்களிலும் இப்படி ஒரு வரிசை உண்டு: குளோரீன் புரோமீனைத் தள்ளும், புரோமீன் அயடீனைத் தள்ளும்.

இரட்டை இடப்பெயர்ச்சி: ஏதாவது ஒன்று விலகிப் போகவேண்டும்

இரண்டு கரைசல்களைக் கலந்துவிட்டால் மட்டும் தாக்கம் நடந்ததாகாது. சமையல் உப்புக் கரைசலையும் பொட்டாசியம் நைத்திரேற்றுக் கரைசலையும் கலந்தால் நாலு வகை அயன்களும் நீரில் நீந்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். தாக்கம் நடக்க வேண்டுமானால் விளைவுகளில் ஒன்று கரைசலை விட்டு விலகவேண்டும்: வீழ்படிவாக அடியில் விழவேண்டும், அல்லது வாயுவாகப் போகவேண்டும், அல்லது நீராக மாறவேண்டும்.

வீழ்படிவு விழுமா என்று அறியச் சில விதிகள் மனதில் இருந்தால் போதும். சோடியம், பொட்டாசியம், அமோனியம் உப்புகளும் எல்லா நைத்திரேற்றுகளும் கரையும். குளோரைட்டுகளில் வெள்ளியும் ஈயமும் முரண்டு பிடிக்கும். சல்பேற்றுகளில் பேரியமும் ஈயமும் கரையாது. காபனேற்றுகளும் ஐதரொட்சைட்டுகளும் பெரும்பாலும் கரையாதவை.

கரையோரக் கிணற்று நீர் உவர்க்கிறதா என்று ஆய்வுகூடத்தில் பார்ப்பது இந்த விதியால்தான். நீரில் நைத்திரிக் அமிலம் ஓரிரு துளியும் பிறகு வெள்ளி நைத்திரேற்றும் விட்டால், குளோரைட்டு இருக்கும்போது தயிர்போல வெள்ளை வீழ்படிவு வரும். நல்ல நீரில் ஒரு மெல்லிய கலங்கல், கடற்கரைக் கிணற்றில் கட்டிப் பால். சோதனைக்குழாயை வெயிலில் வைத்துவிட்டு வந்து பாருங்கள், வெள்ளை கருநாவலாகும். வெள்ளிக் குளோரைட்டு ஒளியில் வெள்ளியாகவும் குளோரீனாகவும் பிரிகிறது. ஒரே குழாயில் இரட்டை இடப்பெயர்ச்சியும் பின்னர் பிரிகையும். வெள்ளி நைத்திரேற்றைக் கபில நிறப் போத்தலில் வைப்பதும், விரலில் பட்டால் இரண்டு மூன்று நாளைக்குக் கறுப்புப் போகாததும் இதனால்தான்.

மாமாவின் மருந்துக்கும் இங்கேதான் இடம். திராட்சைக்குப் பூஞ்சணம் வராமல் அடிக்கும் போர்டோக் கலவை என்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும். ஒரு வீதக் கலவைக்கு 100 லீற்றர் தண்ணீருக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ. தனித்தனியே கரைத்துப் பிறகு சேர்ப்பார்கள். சுருக்கமாக எழுதினால்:

செப்பு சல்பேற்று + கல்சியம் ஐதரொட்சைட்டு → செப்பு ஐதரொட்சைட்டு + கல்சியம் சல்பேற்று

வான்நீல வீழ்படிவு, இரட்டை இடப்பெயர்ச்சி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் மாமா செய்யும் சோதனை. பளபளப்பாகத் தேய்த்த கத்தி அலகைக் கலவைக்குள் ஒரு நிமிடம் பிடிப்பார். அலகு செம்பு நிறம் பிடித்தால் சுண்ணாம்பு போதவில்லை, கரைசலில் செப்பு இன்னும் மிஞ்சியிருக்கிறது, அடித்தால் இலை கருகும். இன்னும் சுண்ணாம்புப் பால் ஊற்றித் திரும்பக் கத்தியை வைப்பார். இரட்டை இடப்பெயர்ச்சி முடிந்துவிட்டதா என்று பார்க்க ஒற்றை இடப்பெயர்ச்சியைத் தூதாக அனுப்பினார் மனுசன். அவர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

வாயு வருகிற வகைக்குக் கேத்தலே போதும். படிந்த கோதின் மேல் வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ விட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். காபனேற்றும் அமிலமும் துணை மாறுகின்றன. அப்போது உண்டாகும் காபோனிக் அமிலம் நிலைக்காமல் உடனே நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிந்துவிடுகிறது. அதனால் விளைபொருள் மூன்றாகத் தெரிகிறது. எண்ணிக்கையைக் கண்டு மிரளாதீர்கள், இரட்டை இடப்பெயர்ச்சியின் வாலில் ஒரு பிரிகை தொங்குகிறது, அவ்வளவே. அமிலமும் மூலமும் சேர்ந்து உப்பும் நீரும் தரும் நடுநிலையாக்கலும் இந்தக் குடும்பம்தான்.

நான்காம்படி, இரண்டாம் கேள்வி: மூலகம் தனியாக நிற்கிறதா?

எண்ணிக்கை முடிந்ததும் சமன்பாட்டை இன்னொரு தரம் பாருங்கள். ஒரு பக்கத்தில் தனியாக நிற்கும் மூலகம் மறுபக்கத்தில் சேர்வைக்குள் புகுந்திருந்தால், அல்லது சேர்வைக்குள் இருந்தது தனியாக வெளியே வந்திருந்தால், இலத்திரன் கைமாறியிருக்கிறது. அது ஒட்சியேற்ற-தாழ்த்தல் தாக்கம். கணக்குப் போடாமலே சொல்லிவிடலாம்.

ஏனென்றால் தனி மூலகத்தின் ஒட்சியேற்ற எண், அதாவது இலத்திரன் இழந்த, வாங்கிய கணக்கு, எப்போதும் 0. சேர்வைக்குள் போனால் அது பொதுவாக மாறிவிடும். வாளியில் நாகம் 0 இலிருந்து +2 ஆனது, இலத்திரனை இழந்தது, ஒட்சியேறியது. செப்பு +2 இலிருந்து 0 ஆனது, இலத்திரனை வாங்கியது, தாழ்த்தப்பட்டது. ஒன்று இழக்காமல் மற்றது வாங்க முடியாது.

இந்தக் கேள்வியை நான்கு பெட்டிகள் மீதும் வைத்துப் பாருங்கள். ஒற்றை இடப்பெயர்ச்சி எப்போதும் ஒட்சியேற்ற-தாழ்த்தல், அதில் தனி மூலகம் இரு பக்கமும் நிற்கிறது. இரட்டை இடப்பெயர்ச்சியில் துணைதான் மாறுகிறது, எண் மாறுவதில்லை, ஆகவே அது இந்த வகையில் சேராது. சேர்க்கையும் பிரிகையும் இரண்டு பக்கமும் போகும். மகனீசியம் எரிவது சேர்க்கை, தனி மூலகங்கள் உண்டு, ஆகவே ஆம். சுண்ணாம்பு நீற்றுவதும் சேர்க்கைதான், ஆனால் கல்சியம் முன்னும் +2 பின்னும் +2, ஆகவே இல்லை. சூளையில் கல் பிரிவது இல்லை. காயத்துக்குப் போடும் ஐதரசன் பேரொட்சைட்டு நுரைத்து நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிவது ஆம்.

தனி மூலகம் இல்லாமலும் இலத்திரன் கைமாறும் தாக்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு எண்களைக் கணித்தே ஆகவேண்டும்: சேர்வையில் ஒட்சிசன் பொதுவாக -2, பேரொட்சைட்டில் -1. ஐதரசன் அலோகத்தோடு +1. மின்னேற்றமில்லாத சேர்வையின் மொத்தம் 0. உயர்தரம் போகிறவர்கள் இதில் கைபழகிக்கொள்ளுங்கள். சாதாரண தரத்துக்கு என் குறுக்குவழி பெரும்பாலும் காப்பாற்றும்.

பெட்டிக்குள் அடங்காதவை

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் உப்புக் கரைசலில் மின்னைப் பாய்ச்சிக் கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் எடுத்தார்கள். உப்பும் நீரும் உள்ளே. சோடியம் ஐதரொட்சைட்டு, ஐதரசன், குளோரீன் வெளியே. நான்கில் எது? எதுவுமில்லை. ஆனால் இரண்டாம் கேள்வி உடனே பதில் தருகிறது: இரண்டு மூலகங்கள் தனியாக வெளியே நிற்கின்றன, ஆகவே ஒட்சியேற்ற-தாழ்த்தல். மின்னால் நடப்பதால் மின்பகுப்பு.

எரிதலும் அப்படித்தான். அடுப்பு வாயுவிலுள்ள புரொப்பேன் ஒட்சிசனோடு எரிந்து காபனீரொட்சைட்டும் நீரும் தருகிறது. இதைத் தகனம் என்று தனியே சொல்கிறோம். வளி போதுமான அளவு கிடைத்தால் நீலச் சுவாலை. போதாவிட்டால் மஞ்சள் சுவாலை, கரி, கூடவே மணமில்லாத நஞ்சான காபனோரொட்சைட்டு. மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடான தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்குக் காலையில் மூக்கைத் துடைத்தால் வந்த கறுப்பு நினைவிருக்கும். அது முழுமையடையாத் தகனம்.

பனையிலிருந்து இறங்கும் நீர் சும்மா விட்டால் புளித்துக் கள்ளாகும். மதுவம் (ஈஸ்ட்) வெல்லத்தை எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் உடைக்கிறது. தோற்றத்தில் பிரிகை, பெயர் நொதித்தல். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் மூல இயல்பில் மதுவம் வேலை செய்யாது, கருப்பணி (பதநீர்) இனிப்பாகவே இறங்கும், பனங்கட்டி காய்ச்சலாம். கள்ளை நாட்கணக்கில் திறந்து வைத்தால் எதனோலை ஒட்சிசன் அசற்றிக் அமிலமாக்கிவிடும். அது ஒட்சியேற்றம், தயாராவது வினாகிரி.

வீட்டில் செய்துபார்க்குமுன்

மயில்துத்தம் நஞ்சு. கையுறை போடுங்கள், சமையல் பாத்திரம் வேண்டாம், மிச்சத்தைக் கிணற்றடியில் ஊற்றவே கூடாது. நம் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றியது விரைவில் கிணற்றுக்கே வந்துசேரும். நீறாத சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அமிலத்தை ஐதாக்கும்போது அமிலத்தைத்தான் நீருக்குள் விடவேண்டும், நீரை அமிலத்துக்குள் விடக்கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூளையும் மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். வருவது குளோரீன் வாயு. "இரண்டும் போட்டால் இன்னும் வெள்ளையாகும்" என்று நினைத்து ஒடுங்கிய குளியலறைக்குள் நின்று இதைச் செய்துவிட்டு மூச்சுத்திணறி ஓடிவந்தவர்களை எனக்குத் தெரியும். அமிலத்திலிருந்த குளோரைட்டு -1 இலிருந்து 0 ஆகிறது, தூளில் +1 ஆக இருந்த குளோரீனும் 0 ஆகிறது. வகைப்படுத்தலைத் தாளில் செய்துகொள்ளுங்கள், வாளியில் வேண்டாம்.

பயிற்சிக்கு ஒன்று. கேத்தலின் கோதில் ஒரு துண்டைக் கழற்றி எடுத்துத் தேநீர்க் கோப்பை ஒன்றில் போட்டு வினாகிரி விடுங்கள். நுரை அடங்கியதும் தெளிந்த நீரில் ஒரு கரண்டி எடுத்து, அதற்குள் சலவைச் சோடாக் கரைசலைச் சில துளி விடுங்கள். மிஞ்சிய வினாகிரி முதலில் கொஞ்சம் நுரைக்கும், பிறகு வெள்ளையாகக் கலங்கும். கலங்கியது என்ன பொருள், எந்த வகைத் தாக்கம், இலத்திரன் கைமாறியதா என்று மூன்று வரி எழுதுங்கள். அந்த வெள்ளையை எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்தால் விடை சரி.